எனக்கு மட்டும் அழிந்த படம்

மே 6, திங்கள்

பாளையங்கோட்டைச் சரித்திரத்தில் இன்றைய தேதியைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில், இட்லித் தட்டுக்கும் மருந்து டப்பாவுக்கும் நடுவே, ஆவுடையப்பனாகிய எனக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. வீட்டு லேப்டாப்பின் ஸ்கிரீன்ஷாட் இலாகா முழுவதும் இனி என் ஆளுகையில்.

முடிசூட்டியவள் மதினி. சாட்சி அண்ணன். சாட்சி டிவியைப் பார்த்தபடியே தலையசைத்தது.

மதினி என்றால் அண்ணன் மனைவி, வடிவு டீச்சர். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, மீதிப் பேருக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல் வரவழைத்து, ஓய்வு பெற்றவள். இப்போது குரூப் ஃபோர் தேர்வு எழுதப்போகும் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு, வார நாட்களில் மாலை ஏழு மணிக்கு, லேப்டாப் வழியாக இலவசமாகக் கணக்கு நடத்துகிறாள். வகுப்பு தொடங்கியதும் எல்லோரும் வீட்டுக்கணக்கு நோட்டைக் கன்னத்தோடு சேர்த்துக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் திரையைப் படம் எடுத்துவிட வேண்டும். வருகைப் பதிவும் அதுதான். நோட்டுத் திருத்துவதும் அதை வைத்துத்தான். மறுநாள் காலை காப்பியோடு உட்கார்ந்து, படத்தைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்து, யார் எந்த வரியில் சறுக்கினாள் என்று கண்டுபிடித்துவிடுவாள். நோட்டுப் போதாதா, முகம் எதற்கு என்று கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்தாத்தான் தானாப் போட்டாளா, பாத்து எழுதுனாளான்னு தெரியும்."

இத்தனை நாள் அவளேதான் எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது வலது தோள் எழும்ப மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் பண்ணுகிறது. மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும் அல்லவா?

"விண்டோஸ் குறி, எஃப்.என், பிரிண்ட் ஸ்கிரீன். மூணே மூணு பொத்தான், கொழுந்தனாரே. நீரு சும்மாதான இருக்கீரு?"

சும்மாவா! முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக மைக் பிடித்தவன் நான். என் குரலைக் கேட்டால் தென்காசி பஸ் டிரைவர் இல்லாமலே ரிவர்ஸ் எடுக்கும். "மூணு என்ன மதினி, முப்பது கொண்டாங்க" என்றேன்.

மே 7, செவ்வாய்

அமுக்கினேன். படம் எதுவும் விழவில்லை. மதினி இன்னும் என்னோடு பேசவில்லை. சிலிண்டர் வந்தது.

மே 8, புதன்

நேற்று நடந்த சதியைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்றில் இரண்டைத்தான் அமுக்கியிருக்கிறேன். எடுத்த படம் எங்கோ கண்ணுக்குத் தெரியாத உலகத்துக்குப் போய்விட்டது. இன்று மூன்றையும் வீணை வாசிப்பதுபோல் பிடித்து அழுத்தினேன். திரை ஒரு தடவை இருண்டு வெளுத்தது. 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற பெட்டியைத் திறந்தால், உள்ளே பன்னிரண்டு கட்டங்களில் பன்னிரண்டு முகங்கள், பன்னிரண்டு நோட்டுகள். நிலாவில் கால் வைத்தவனுக்குக்கூட இவ்வளவு பெருமை இருந்திருக்காது.

நான் உட்காருவது மதினிக்குப் பக்கத்தில், கேமராவில் விழாத மூலையில். அவர்களுக்கு என் கை தெரியாது, குரல் மட்டும் கேட்கும். இசக்கியம்மாள் என்று ஒரு பிள்ளை. விடியுமுன்னே எழுந்து பேக்கரிக்குப் போய் பன் பொதிகிற வேலை. அவள்தான் கேட்டாள்:

"மாமா, பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸு கெளம்பப் போவுதுன்னு மைக்குல சொல்லுவீகளாமே, எடுக்கும் முன்ன அப்படிச் சொல்லுங்க. நாங்க ரெடியாயிருவோம்லா."

அன்றைய பாடம் 'காலமும் வேலையும்'. விட்டேன் ஒரு அறிவிப்பு. "காலமும் வேலையும் வழியாக அரசு வேலை செல்லும் பன்னிரண்டாம் எண் பேருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும். பயணிகள் நோட்டைத் தூக்கிப் பிடிக்கவும்!" பன்னிரண்டு கட்டங்களும் குலுங்கின. இசக்கி சிரித்த சிரிப்பில் அவள் நோட்டுக் கீழே விழுந்தது. கிரேஸ்லின் என்று வாயாடி ஒருத்தி, "மாமா, டிக்கெட் எம்புட்டு?" என்றாள். மதினி அதட்டினாள். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்ததை நான் பார்த்தேன்.

இன்றிலிருந்து எனக்கு ஸ்கிரீன்ஷாட் மாமா என்று பேர்.

மே 10, வெள்ளி

புதிய கண்டுபிடிப்பு. அணுவைப் பிளந்ததற்கு அடுத்தது இதுதான். வேறு மூன்று பொத்தான்களை அமுக்கினால் திரை மங்கி, கையில் ஒரு கத்திரி வந்ததுபோல் ஆகிவிடுகிறது. திரையில் எந்தத் துண்டு வேண்டுமோ அதை மட்டும் வெட்டி எடுக்கலாம். பன்னிரண்டு பேரில் ஒருத்தியை மட்டும்!

பயிற்சி வேண்டாமா? வகுப்பு நடக்கும்போது அறிவிப்பு எதுவும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டிப் பார்த்தேன். பேசுகிற மனுஷரை அந்தரத்தில் நிறுத்தினால் முகம் என்ன பாடுபடுகிறது என்பதை இத்தனை வயதில் இன்றுதான் அறிந்தேன். ஒருத்திக்கு ஒரு கண் கிழக்கே, ஒரு கண் மேற்கே. கிரேஸ்லின் இமை செருகி, சாமி வந்தவள்போல் இருக்கிறாள். வகுப்பு முடிந்ததும் அதை மதினியிடம் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"இது என்ன வேல? அந்தப் பிள்ளைக நம்மள நம்பி மூஞ்சியக் காட்டுது. இந்த மாதிரி எடுத்தது எல்லாத்தையும் அழிச்சிரும்."

"அழிச்சிருதேன் மதினி."

அழித்துவிட்டேன். அதாவது கிரேஸ்லினை அழித்தேன். மற்றவற்றை அழிப்பது என்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

மே 11, சனி

நுங்கு வாங்கினேன். வெயில், தார் ரோட்டில் அப்பளம் பொரிக்கலாம் போல. அண்ணனுக்குக் கண் சொட்டு மருந்து.

மத்தியானம் எங்கள் 'ஓய்வு பெற்ற சிங்கங்கள்' வாட்ஸ்அப் குழு ஒரே மயான அமைதியாக இருந்தது. எல்லாம் பஸ் ஸ்டாண்டுச் சகாக்கள். பென்ஷன், முட்டுவலி, காலை வணக்கம், மறுபடி முட்டுவலி. சிங்கங்களுக்குக் கொஞ்சம் உற்சாகம் ஊட்டலாம் என்று தோன்றியது. ஒரு சிறிய கலைப் படைப்பு போட்டேன். பேரெல்லாம் போடவில்லை. இசக்கியின் கொட்டாவி. நேற்று வெட்டியதில் ஆகச் சிறந்தது அதுதான். கீழே ஒரு வரி: 'இந்தக் கொட்டாவிக்குள் தாமிரபரணி முழுவதும் போய்விட்டது. பொதுமக்கள் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்.'

கொண்டாட்டம்! ஆறுமாதமாக வாய் திறக்காத மாடசாமிகூட சிரிப்புப் பொம்மை வரிசையாகப் போட்டான். "ஓய் ஆவுடை, நீரு ரிட்டையர் ஆனதுல டிப்பார்ட்மென்டுக்குத்தான்வே நஷ்டம்" என்று ஒருவர். சாயங்காலம் வரை போனைக் கீழே வைக்கவில்லை.

மே 13, திங்கள்

இன்று பதினோரு முகம். இசக்கி வரவில்லை. பேக்கரியில் கூடுதல் வேலையாக இருக்கும்.

மே 14, செவ்வாய்

இன்றும் வரவில்லை. மதினி போன் போட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டாள், அணைத்து வைத்திருக்கிறார்கள்.

"கூட்டு வட்டி புரிஞ்சி வார நேரம் பாத்து இந்தப் பிள்ள எங்க போச்சி? இந்தத் தடவை விட்டா அவளுக்கு வயசு வரம்பு தாண்டிரும்லா."

எனக்குத் தெரியாது இது. இசக்கிக்கு இதுதான் கடைசி வாய்ப்பாம்.

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: மாமியார். சந்தேகமே இல்லை. மருமகள் படித்து அரசு வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் சட்னி அரைப்பது யார்? போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்திருப்பாள் அந்த அரக்கி. மதினியிடம் சொன்னேன். "அப்படியும் இருக்கும்" என்றாள்.

குழுவில் இன்றும் ஒருவர் தாமிரபரணிக்குச் சிரித்திருந்தார். அந்தப் படத்தை எடுத்துவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. எடுப்பதற்கு என்ன காரணம்? மாமியாருக்கும் வாட்ஸ்அப்புக்கும் என்ன சம்பந்தம்? நாளைக்குப் பார்ப்போம்.

மே 15, புதன்

வகுப்பு தொடங்கி, நான் அறிவிப்புக்கு வாயெடுக்கும் முன்னே கிரேஸ்லின் பேசினாள்.

"டீச்சர், இசக்கியக்கா இனிமே வராது. அது படம் ஊரெல்லாம் சுத்துது."

தன் போனைக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். இசக்கியின் கொட்டாவி. என் வரி இல்லை. முகத்தை மட்டும் வெட்டி, தலைக்கு மேல் நிலாவும் நட்சத்திரமும் ஒட்டி, 'குட் நைட்' என்று எழுதி, ஸ்டிக்கராக்கி இருக்கிறார்கள். யாரோ ஒருத்தி சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள்.

"பேக்கரியில வேல செய்யுறவங்க எல்லாரு போன்லயும் இருக்காம் டீச்சர். எங்க மச்சான் அங்கதான் பன் வாங்குவாக. அக்கா உள்ள நுழைஞ்சாலே எல்லாரும் வாயப் பொளந்து கொட்டாவி விடுதாங்களாம்."

மதினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். "பின்னால இருக்க பச்சச் சுவரு இசக்கி வீட்டுச் சுவரு. இது நம்ம கிளாஸ்ல எடுத்தது. யாரு எடுத்தா?"

பதினோரு கட்டங்களிலும் ஒரு அசைவும் இல்லை. இணையம் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒருத்தி, "கிரேஸ்லின்தான எப்பப் பாத்தாலும் திரையப் படம் எடுக்கும்" என்றாள்.

"நான் கணக்கத்தான் எடுப்பேன்! ஒங்க போர்டத்தான் டீச்சர்! ஏசப்பா மேல சத்தியமா!"

"ஒனக்குத்தான் மொதல்ல வந்திருக்கு."

"வந்ததச் சொன்னது குத்தமா?"

மதினி வகுப்பை நிறுத்திவிட்டு, பேச்சு அவர்களுக்குக் கேட்காதபடி பொத்தானை அமுக்கினாள். என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு எடுத்தது எல்லாத்தையும் அழிச்சீரா?"

"அழிச்சாச்சு மதினி."

அவ்வளவுதான் கேட்டாள். மறுபடி கேட்கவில்லை. என் வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது. திரும்பிப் பொத்தானை அமுக்கி, "கிரேஸ்லின், உண்ம தெரியுற வர நீ கிளாஸுக்கு வர வேண்டாம்" என்றாள். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். மதினி அவளை வெளியே அனுப்பிவிட்டாள். ஒரு கட்டம் மறைந்ததும் மற்றக் கட்டங்கள் நகர்ந்து நெருங்கி அந்த இடத்தை அடைத்துக்கொண்டன.

நான் கேமராவுக்கு வெளியே இருந்தேன். அது என் வழக்கமான இடம்தான்.

பிறகு மொட்டை மாடிக்குப் போய்க் குழுவைத் திறந்தேன். படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினால் 'எல்லோருக்கும் அழி' என்று வரும் என்பார்கள். வரவில்லை. நாளாகிவிட்டால் வராதாம். 'எனக்கு மட்டும் அழி' என்பது மட்டும்தான் இருந்தது. அமுக்கினேன். எனக்கு மட்டும் அழிந்தது.

நேற்றே முயன்று பார்த்திருக்கலாம்.

மே 16, வியாழன்

மாடசாமிக்குப் போன் பண்ணினேன், சும்மா விசாரிப்பதுபோல. அவன் மருமகன்தான் அந்த பேக்கரியில் மாஸ்டராம். "அவன்ட்டதான்வே மொதல்ல அனுப்புனேன். எங்க கடையில பன் பொதியுத பொட்டப்புள்ளதான்னு சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சான்" என்றான். நல்லது என்றேன். ஏன் நல்லது என்றேன் என்று தெரியவில்லை.

மே 17, வெள்ளி

பத்து முகம்.

இன்று அறிவிப்புச் செய்யவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். யாரும் கேட்கவும் இல்லை. எல்லோரும் நோட்டைத் தூக்கிக் காட்டினார்கள். நோட்டுக்குப் பின்னால் முகங்களைச் சுருக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் படமெடுக்க நிற்பவர்கள்போல். எடுத்தேன்.

ஆனால் நடுநிலையோடு யோசித்தால், ஒரு சின்னக் கேலிக்காக யாராவது கடைசி வாய்ப்பை விடுவார்களா? பேக்கரியில் நாலு பேர் சிரித்தால் அவள் வகுப்புக்கு ஏன் வராமல் இருக்கிறாள்? அங்கே வேறு ஏதோ இருக்கிறது. மாமியார்தான். படத்தைச் சாக்காக வைத்துப் படிப்பை நிறுத்திவிட்டாள் கிழவி. நாளைக்கு நேரில் போய்ப் பேசப்போகிறேன். மூத்த மனிதன், நாலு வார்த்தை சொன்னால் கேட்க மாட்டார்களா? கோட்டையைத் தகர்த்துப் பெண்ணை மீட்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். யார் எடுத்தது என்ற பேச்சே அடங்கிவிடும்.

மே 18, சனி

மாம்பழம் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். விலாசம் மதினியிடம் வாங்கினேன். "நீராவது போய்ப் பாத்துட்டு வாரும். நல்ல காரியம்" என்றாள்.

கதவைத் திறந்ததே அந்த அரக்கி. ஒல்லியாக, என் தோள் உயரம்கூட இல்லாமல், கையில் அரிசி புடைக்கிற சுளகோடு. வடிவு டீச்சர் பேரைச் சொன்னேன்.

"வாங்க அண்ணாச்சி, டீச்சர் வீட்டுலருந்தா? உள்ள வாங்க. ஃபேனுக்கு நேரா இருங்க."

உட்கார்ந்தேன். எதிரே பச்சைச் சுவர். சுவரோரம் ஒரு ஸ்டூல், அதன் மேல் போனைச் சாய்த்து வைக்கிற தாங்கி. நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசனத்தைத் தொடங்கினேன். பெண் கல்வி, நாட்டின் முன்னேற்றம், பழைய காலம் மலையேறிவிட்டது...

அந்த அம்மாள் நடுவிலே நிறுத்தினாள். "என்ன அண்ணாச்சி சொல்லுதீக? அவ படிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னதே நாந்தான். அந்த ஸ்டேண்டு நான் வாங்கிக் குடுத்தது. ஏழு மணியாச்சின்னா இந்த வீட்டுல டிவி ஓடாது. எம்மவன் சோத்துக்கு வந்தான்னாக்கூட அடுப்படியிலயே வச்சிக் குடுத்து, சத்தம் போடாம தின்னுட்டுப் போலேன்னு அனுப்புவேன். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. எவனோ கட்டையில போறவன் புள்ள மூஞ்சியப் படம் எடுத்து ஊரு சிரிக்க வச்சிட்டான்."

சுளகை ஓரமாக வைத்துவிட்டு டீ கொண்டுவந்தாள். என் குரல் கேட்டு இசக்கி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "வாங்க மாமா" என்றாள். முந்தானை நுனியை வாயோரத்தில் பிடித்துக்கொண்டே பேசினாள். பேசி முடிக்கும் வரை எடுக்கவில்லை.

"பேக்கரியில நான் உள்ள போகவுமே ஆளாளுக்கு வாயத் தொறந்து காட்டுதாங்க மாமா. மொத நாளு நானும் கூடச் சிரிச்சேன். சிரிச்சா விட்டுருவாங்கன்னு நெனச்சேன். பன் வாங்க வந்தவங்க, நீதான அதுன்னு கேட்டப்போதான்..."

"கிளாஸுக்கு வரலாம்லா, தாயி. அங்க யாரு சிரிக்கா?"

"அங்கதான மாமா எடுத்தாங்க? விடியக்காலம் எந்திரிக்கேன். சாயங்காலம் கண்ணு சொக்கத்தான் செய்யும். அந்தப் பன்னெண்டு பேருட்டதான் நான் கொட்டாவி விடலாம்னு இருந்தேன். வெளிய எங்கயும் விட மாட்டேன். இனி கேமராவத் தொறந்து மூஞ்சியக் காட்டச் சொன்னா என்னால ஆவாது. பரிச்ச ஹால்லயும் அத்தன பேரு மத்தியில போய் உக்கார ஆவாது. விட்ருங்க."

மாமியார் என் பக்கம் குனிந்தாள். "நீங்க பெரியவுக. உங்க வீட்டுலதான் கிளாஸு நடக்கு. அது எந்தச் சிறுக்கின்னு கண்டுபிடிச்சிச் சொல்லுங்க. நான் ஒரு வார்த்த கேட்டாத்தான் மனசு ஆறும்."

"பாக்கேன்" என்றேன்.

டீயைக் குடித்தேன். நல்ல டீ. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். மாம்பழத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 19, ஞாயிறு

ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன், "ஏம்ல சாப்பிடல?" என்றான். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுத்துக் கேட்டது இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

மே 20, திங்கள்

காலையில் மதினி வெள்ளிக்கிழமைப் படத்தைத் திறந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். காப்பியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

"என்ன?"

"அது நான் எடுத்தது மதினி. கொட்டாவிப் படம். எங்க குரூப்புல நான்தான் போட்டேன்."

எப்படி வந்தது என்று தெரியவில்லை. முப்பது வருஷம் மைக்கில் பேசியவன், இந்த இரண்டு வரியைப் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறவன்போல் மூச்சிறைத்துச் சொன்னேன்.

மதினி திரும்பவில்லை. திரையில் யாருடைய நோட்டோ பெரிசாகத் தெரிந்தது. அந்த வரியை முழுக்கத் திருத்தி முடித்தாள். பிறகுதான் பேசினாள்.

"உங்க வாக்க நம்பி அந்தக் கிரேஸ்லினை அத்தன பேரு முன்னால வெளிய அனுப்புனேன்."

'உங்க' என்றாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை 'நீரு', 'உம்ம' என்று மட்டுமே அழைத்தவள்.

"நான் கிரேஸ்லின்ட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். அது என் பாடு. மத்ததுக்கு நீங்க போன் போடுங்க. எனக்கு முன்னாலயே போடுங்க."

போட்டேன். மாமியார்தான் எடுத்தாள். நான் பேரைச் சொன்னதும், "சொல்லுங்க அண்ணாச்சி, அந்தச் சிறுக்கி ஆம்புட்டாளா?" என்றாள். சொன்னேன். நானே அது என்று சொன்னேன். அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"எங்க வீட்டு டீயக் குடிச்சிட்டுப் போனீகளே."

திட்டியிருக்கலாம். கட்டையில போறவன் என்றாளே, அதையே இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டாள்.

மாலை வகுப்பில் மதினி எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தாள். முதல்முறையாகக் கேமராவுக்கு நேரே உட்கார்ந்தேன். கிரேஸ்லினைத் திரும்ப அழைத்திருந்தார்கள். பதினோரு முகங்களும் என்னையே பார்த்தன. ஒரு ஓரத்துக் கட்டத்தில் ஒரு வழுக்கைத்தலைக் கிழவன் இருந்தான். அந்தக் கண்ணும் வாயும் எனக்குப் பழக்கமில்லாததுபோல் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். பேக்கரிக்கு எப்படிப் போயிற்று என்பதையும் சொன்னேன். மாடசாமியைத் திட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கிரேஸ்லின்தான் முதலில் பேசினாள். "எங்கம்மா சர்ச்சுக்குப் போனா, நீ பெத்தது இப்படியான்னு கேக்காங்க மாமா. நான் சத்தியம் பண்ணும்போது நீங்க அங்கனதான இருந்தீக?"

"இருந்தேன்."

"இருந்துட்டுமா?"

வகுப்பு முடிந்ததும் போனை எடுத்தேன். சிங்கங்கள் குழுவில் உண்மையை எழுதி, யாரிடம் அந்தப் படம் இருந்தாலும் அழிக்கச் சொல்லிக் கேட்டேன். நாலைந்து பேர் சரி என்றார்கள். ஒருவர், "ஒரு கொட்டாவிக்கு இவ்வளவு பெரிய சீனா?" என்றார். மாடசாமி குழுவை விட்டே போய்விட்டான்.

மே 21, செவ்வாய்

காலையில் பேக்கரிக்குப் போனேன். மாடசாமியின் மருமகன் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான். அந்தப் படத்தை எடுத்த கிழவன் நான்தான் என்றேன். தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள் என்றேன். கல்லாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்து மெதுவாக வாயைத் திறந்து கொட்டாவி விட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். கூட்டம் கலையும் வரை நின்றிருந்தேன். இசக்கி உள்ளே பொதிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நாளையிலிருந்து எல்லோரும் விட்டுவிடுவார்கள் என்று எழுத ஆசைதான். தெரியாது.

மே 22, புதன்

ஏழு மணிக்குப் பதினோரு முகம். நோட்டுத் தூக்கச் சொல்லும் நேரத்தில் பன்னிரண்டாவதாக ஒரு கட்டம் வந்தது. கறுப்புக் கட்டம். நடுவில் பெயர் மட்டும்: இசக்கியம்மாள்.

வகுப்பின் சட்டம் முகம் காட்டுவது. எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள்.

"இசக்கி, கேக்குதா?"

"கேக்குது டீச்சர்." குரல் மட்டும் வந்தது. பின்னால் மாமியார், "சத்தமாப் பேசு தாயி" என்பதும் கேட்டது.

"நோட்ட மட்டும் காட்டுனாப் போதும். மூஞ்சி வேண்டாம்."

"சரி டீச்சர். ஆனா ஒண்ணு சொல்லணும். எடுக்கதெல்லாம் எடுத்த ஒடனே எங்களுக்குக் காட்டணும். வேண்டாங்கிறத அப்பவே அழிக்கணும். எங்க கண்ணு முன்னால அழிக்கணும்."

"யாரு எடுக்கணும்?" என்றாள் மதினி. என்னை அவள் பார்க்கவில்லை.

கறுப்புக் கட்டத்திலிருந்து பதில் வந்தது. "மாமாவே எடுக்கட்டும். ஆனா இந்தப் பக்கம் உக்காந்து எடுக்கட்டும். எங்களுக்குத் தெரியுத மாதிரி."

நாற்காலியை இழுத்துக் கேமராவுக்குள் போட்டுக்கொண்டேன். அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. "எடுக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னேன். மூன்று பொத்தான்களை அமுக்கினேன். எடுத்ததைத் திரையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன்.

"என் கண்ணு மூடியிருக்கு, அழிங்க" என்றாள் கிரேஸ்லின். அழித்தேன். மறுபடி எடுத்தேன். "இப்பமும் மூடியிருக்கு, அழிங்க" என்றாள். எனக்குத் திறந்திருப்பதாகத்தான் தெரிந்தது. அழித்தேன். மூன்றாவது முறையும் அவள் ஏதோ குறை சொன்னாள். அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மறுபேச்சுப் பேசாமல் அழித்தேன். அவளுக்கு அலுக்கும் வரை எடுத்து அழித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த படத்துக்குக் கறுப்புக் கட்டம் திறந்தது. கட்டம் முழுக்க நோட்டு. கூட்டு வட்டிக் கணக்கு, அடிக்கோடு போட்டு, விடையைச் சுற்றிக் கட்டம் கட்டி எழுதியிருந்தது. நோட்டின் இரு ஓரத்திலும் விரல்கள், மாவு காய்ந்த நகங்கள். பச்சைச் சுவர்கூடத் தெரியாதபடி ஒட்டிப் பிடித்திருந்தாள். எடுத்தேன். போட்டுக் காட்டினேன்.

"இசக்கி, இது இருக்கட்டுமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

விரல்கள் அசைந்தன. நோட்டு கொஞ்சம் பின்னால் போய், திரும்பக் கிட்டே வந்தது.

"நாலாவது கணக்கு கீழ வெட்டுப்பட்டிருக்கு மாமா. அந்த விடை டீச்சருக்குத் தெரியணும். இன்னொருக்கா எடுங்க."

எடுத்தேன்.